ஒரே வருடத்தில் திரும்பிவிடலாம் என்ற கணக்கு: சண்டர்லேண்டின் எட்டு வருடங்கள், ஒரு வரிசை ரசிகர்கள் – நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் கால்பந்து அணி 2017-ல் உச்ச டிவிஷனான பிரீமியர் லீகிலிருந்து இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கியது. அடுத்த வருடமே அங்கிருந்தும் இறங்கி மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்னில் போய் விழுந்தது. மறுபடி மேலே வர 2025 ஆனது. இந்த எட்டு வருடங்களில் அணியின் சொந்த மைதானமான ஸ்டேடியம் ஆஃப் லைட்டின் கிழக்கு ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்திருந்த நாலு பேர் என்ன பார்த்தார்கள், எப்போது என்ன முடிவு எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதே இந்தப் பதிவு. ஆட்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அணி, மேனேஜர்கள், ஸ்கோர் எல்லாம் ஊரறிந்தவை என்பதால் அப்படியே இருக்கின்றன.

நாலு பேரில் ஒருவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை மூத்தவர் என்கிறேன். அடுத்தவள் அவருடைய பேத்தி, 2017-ல் பள்ளி மாணவி. மூன்றாமவர் என்னைப் போலவே வேலைக்காக இந்த ஊருக்கு வந்த தமிழர், என்னைவிட வயதில் சிறியவர், அதனால் தம்பி. நாலாவது நான். ரோக்கர் பார்க் பழைய மைதானத்தின் கடைசிக் காலத்திலிருந்தே இந்த அணியைப் பார்த்து வருகிறேன்.

தோற்கும் அணியின் ரசிகர்கள் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விசுவாசத்தைப் பற்றி எழுதுவார்கள். விசுவாசத்துக்கு இங்கே குறையே இருந்ததில்லை. இங்கே சிக்கலாக இருந்தது, ஒரே வருடத்தில் மேலே திரும்பிவிடலாம் என்ற தவறான கணக்கு. கிளப்பும் அதை நம்பியது, அரங்கமும் நம்பியது. அதை விட்டொழித்த பிறகுதான் அணி நகர ஆரம்பித்தது என்பது என் முடிவு. அதற்கான ஆதாரங்களை வரிசையாக வைக்கிறேன்.

பின்னணி

1879-ல் தொடங்கிய கிளப் இது. ஆறு முறை லீக் பட்டம் வென்றிருக்கிறது. கடைசிப் பட்டம் 1936-ல். 1973-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் எஃப்ஏ கோப்பையின் இறுதியில் லீட்ஸை 1-0 என்று வென்றது. இப்போதைய அரங்கம் வியர் ஆற்றின் வடகரையில், 1993-ல் மூடப்பட்ட மங்க்வியர்மத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்திலேயே 1997-ல் எழுந்தது. சுரங்கமும் கப்பல் கட்டும் தொழிலும் போன ஊரில் சுமார் 49,000 பேர் உட்காரக்கூடிய ஒரு மைதானம். ஊர் இந்த அணிமேல் எவ்வளவு பாரத்தை ஏற்றிவைத்திருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2017 சரிவு திடீரென்று வந்ததல்ல. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஒவ்வொரு சீசனிலும் நடுவில் ஒரு புது மேனேஜர் வந்து கடைசி நேரத்தில் காப்பாற்றிக்கொண்டிருந்தார்: டி கானியோ, போயெட், அட்வகாட், ஆலர்டைஸ். 2016 மே மாதம் எவர்ட்டனை 3-0 என்று வென்று தப்பித்த இரவில் அரங்கமே கொண்டாடியது. ஜூலையில் ஆலர்டைஸ் இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த டேவிட் மோயஸ், சீசனின் இரண்டாவது ஆட்டம் முடிந்த கையோடு, இந்த வருடமும் இறங்காமல் இருக்கப் போராட வேண்டியிருக்கும் என்று சொன்னார். சொன்னபடியே நடந்தது. மொத்த சீசனில் 24 புள்ளிகள், கடைசி இடம். அணி அடித்த 29 கோல்களில் 15 ஜெர்மைன் டிஃபோ ஒருவர் அடித்தவை.

ஒவ்வொரு வருடமும் தப்பித்தது கிளப்புக்கு நல்லது செய்யவில்லை என்பதை இங்கேயே குறித்துவிடுகிறேன். ஒவ்வொரு தப்பிப்புக்கும் அவசரமாக ஆள் எடுத்தார்கள், நீண்ட ஒப்பந்தங்களில் பெரிய சம்பளம் எழுதினார்கள். கடனும் ஏறிக்கொண்டே போனது. இறங்கினால் சம்பளம் குறையும் என்ற நிபந்தனை எல்லா ஒப்பந்தத்திலும் இல்லை. இறங்கிய பிறகும் பிரீமியர் லீக் சம்பளம் வாங்கும் வீரர்கள் அணியில் இருந்தார்கள்.

2017–18: கவனித்தது

முதல் கோடையிலேயே டிஃபோ போனார். கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டை எவர்ட்டனுக்கு விற்றார்கள். பிரீமியர் லீகிலிருந்து இறங்கும் கிளப்புக்குச் சில வருடங்கள் பாராசூட் தொகை கிடைக்கும். தொலைக்காட்சிப் பங்கில் முதல் வருடம் 55 சதவீதம், அடுத்த வருடம் 45, மூன்றாம் வருடம் 20. வருமானம் ஒரேயடியாகச் சரியாமல் தாங்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் கடனும் பழைய சம்பளமும் சேர்ந்தால் அது மெல்ல இறக்கிவிடும் குடை மட்டும்தான், மேலே ஏற உதவாது.

அந்த வருடம் சொந்த மண்ணில் லீக் வெற்றி என்பதே மறந்துபோயிருந்தது. 2016 டிசம்பர் 17-ல் வாட்ஃபோர்டை வென்ற பிறகு அடுத்த வெற்றி 2017 டிசம்பர் 16-ல் ஃபுல்ஹாமுக்கு எதிராகத்தான் வந்தது. ஒரு நாள் குறைந்த ஒரு முழு வருடம். பேத்தி அந்த இடைவெளியில்தான் தாத்தாவோடு தொடர்ந்து வர ஆரம்பித்தாள். தன் இருக்கையிலிருந்து ஒரு வெற்றியைப் பார்க்க அவளுக்கு அத்தனை மாதம் ஆனது. வெற்றி வந்த அன்று விசில் அடித்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் ஏன் கத்துகிறார்கள் என்பதுபோல் தாத்தாவைப் பார்த்தாள். அவர் அவள் தோளைத் தட்டி, "முடிஞ்சிடுச்சும்மா, ஜெயிச்சாச்சு" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

சைமன் கிரேசனை அக்டோபர் இறுதியில் நீக்கினார்கள், கிறிஸ் கோல்மன் வந்தார். 46 ஆட்டங்களில் 7 வெற்றி, 37 புள்ளிகள், மறுபடியும் கடைசி இடம். ஏப்ரல் 21-ல் பர்ட்டனிடம் 2-1 என்று தோற்று இறங்கியது. அதே மாத இறுதியில் கிளப் கைமாறும் அறிவிப்பு வந்தது, கோல்மனும் போனார். பழைய உரிமையாளர் கடனைத் தீர்த்துவிட்டுப் போனார் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் போயிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முதல் முடிவு: 2018 கோடை

சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் நேரம். நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். தம்பி நேராகவே கேட்டார்: "அண்ணா, மூணாவது டிவிஷன். வாராவாரம் இதுக்காகவா லீவு மாத்திக்கிட்டு வரணும்?" அவருடைய வேலை ஷிஃப்ட் வேலை, வீட்டில் சின்னக் குழந்தை. நான் வற்புறுத்தவில்லை. "நீ விடுப்பா, உன் இடம் எங்கேயும் போகாது" என்றேன். அவர் அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. ஒதுங்கினால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா என்று அவரே பின்னால் ஒருமுறை கேட்டார். இல்லவே இல்லை. குடும்பத்தை வைத்துக்கொண்டு தோல்விக்குப் பணமும் நேரமும் கட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டச் சொல்லும் உரிமை எந்த ரசிகருக்கும் இன்னொரு ரசிகர்மேல் கிடையாது.

மூத்தவர் புதுப்பித்தார். அவருடைய காரணம் இந்த ஆய்வுக்கு முக்கியம். சண்டர்லேண்ட் முதன்முதலாக மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது 1987-ல். அடுத்த வருடமே டென்னிஸ் ஸ்மித்தின் கீழ் சாம்பியனாகி மேலே வந்துவிட்டது. கேட்ஸும் கப்பியாதினியும் கோல் அடித்த அந்த சீசனை அவர் நேற்று நடந்ததுபோல் சொல்வார். "போன தடவை ஒரே வருஷம்தான்" என்பதுதான் அவர் வாதம். அவர் மட்டுமில்லை, அரங்கத்தில் பாதிப் பேர் அதையே சொன்னார்கள். புதிய உரிமையாளர்களின் பேச்சிலும் அதே தொனி இருந்தது. இவ்வளவு பெரிய மைதானம், இவ்வளவு ரசிகர்கள், இந்த டிவிஷனில் நமக்கு என்ன வேலை என்ற எண்ணம்.

அந்தக் கோடையில் நல்லது ஒன்றும் நடந்தது. அரங்கத்தின் சிவப்பு இருக்கைகள் வெயிலில் வெளுத்து வெளிர் இளஞ்சிவப்பாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவற்றை மாற்ற ரசிகர்களே தன்னார்வமாக வந்தார்கள். மூத்தவரும் பேத்தியும் ஒருநாள் போனார்கள். பழைய இருக்கையைக் கழற்றுவது, புதியதைப் பொருத்தித் திருகாணியை இறுக்குவது, அடுத்ததுக்கு நகர்வது. அவர் குனிய முடியாத இடத்தில் அவள் முட்டிபோட்டுத் திருகினாள். திரும்பி வந்தபோது அவளுக்கு உள்ளங்கை சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் "உங்க டீம்" என்று தாத்தாவிடம் பேசியதை நான் கேட்டதில்லை.

2018–19: கணக்கு தவறிய வருடம்

வெளியிலிருந்து பார்த்தால் இது நல்ல சீசன். ஜாக் ராஸ் மேனேஜர். 46 லீக் ஆட்டங்களில் தோற்றது வெறும் 5. பாக்ஸிங் டே (டிசம்பர் 26) அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். மூன்றாம் டிவிஷனில் அப்படி ஒரு கூட்டம் மிக அபூர்வம். ஆனால் 19 ஆட்டங்கள் டிரா. முன்னிலை எடுப்பதும் அதைக் காப்பாற்றப் பின்னால் ஒதுங்குவதும் கடைசியில் ஒரு கோல் வாங்குவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. எண்பதாவது நிமிடத்துக்குப் பிறகு அரங்கத்தில் எழும் முணுமுணுப்பு மைதானத்தில் இருக்கிற இளம் பின்கள வீரர்களின் கால்களுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பந்து வந்ததும் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுக்காமல் வெளியே அடிப்பார்கள். அங்கிருந்து எதிரணி மறுபடி வரும்.

இந்த வருடத்தின் திருப்பம் ஜனவரியில் நடந்தது. ஜோஷ் மஜா என்ற இளம் ஸ்ட்ரைக்கர் அதற்குள் லீக்கில் 15 கோல் அடித்திருந்தார். அவருடைய ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது, புதுப்பிக்க முடியவில்லை, பிரான்ஸின் போர்டோ அணிக்கு விற்றார்கள். மாற்று ஆள் தேவை. வீரர்களை வாங்கி விற்க அனுமதியுள்ள காலமான டிரான்ஸ்ஃபர் சன்னல் மூடும் கடைசி மணிகளில் விலையை ஏற்றி ஏற்றி, விக்கனிலிருந்து வில் கிரிக்கை எடுத்தார்கள். சுமார் 30 லட்சம் பவுண்டு, அந்த டிவிஷனில் அதுவரை யாரும் கொடுக்காத தொகை. அவர் எதிர்பார்த்த அளவு கோல் அடிக்கவில்லை. குறை அந்த வீரரிடம் இல்லை. பக்கவாட்டிலிருந்து கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் வரும் கிராஸை கோலாக்கத் தெரிந்தவர் அவர். அணியோ வேறு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இந்த வருடமே ஏறியாக வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் இருந்திருந்தால் யாரும் அந்த விலையை அந்த இரவில் கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் நேரடியாக மேலே போகலாம். அடுத்த நாலு அணிகள் பிளே-ஆஃபில் மோதி, அதில் வெல்லும் ஒன்று மட்டும் மேலே போகும். 85 புள்ளிகள் எடுத்தும் சண்டர்லேண்ட் ஐந்தாவதாக வந்தது. அந்த வசந்தத்தில், இறுதி ஆட்டங்கள் நடக்கும் லண்டனின் வெம்ப்ளி மைதானத்துக்கு இரண்டு முறை போனோம். மார்ச் 31-ல் கீழ் டிவிஷன் அணிகளுக்கான கோப்பையான இஎஃப்எல் டிராபியின் இறுதி, போர்ட்ஸ்மத்திடம் பெனால்டியில் தோல்வி. மே 26-ல் பிளே-ஆஃப் இறுதி, சார்ல்ட்டனுக்கு எதிராக. ஐந்தாவது நிமிடம் சார்ல்ட்டன் வீரர் தன் கோல்கீப்பருக்குக் கொடுத்த பந்து அவரைத் தாண்டி உருண்டு கோலுக்குள் போனது. நாங்கள் எதுவும் செய்யாமலே 1-0. முதல் பாதியிலேயே சமனானது. 94-வது நிமிடத்தில் சார்ல்ட்டனின் பேட்ரிக் பாவர் கோல். பதில் கோல் அடிக்க நேரம் இல்லை. மூத்தவர் கைத்தடியை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பேத்தி அவரை எழுப்பி நடத்திக்கொண்டு வெளியே வந்தாள். ரயிலில் யாரும் பேசவில்லை.

2017-ன் தோல்விகளைவிட இந்தத் தோல்வி ஆழமாக இறங்கியது. கடைசி இடத்தில் இருக்கும் அணியிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு நிமிடத் தூரத்தில் இருந்து பறிபோவது வேறு விஷயம். தோற்கும் வருடங்களைப் பற்றிக் கேட்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வரிசையாகத் தோற்பது மரத்துப்போக வைக்கும். ஆளை உடைப்பது இப்படிப்பட்ட ஒரு மே மாதம்தான்.

2019–20: கேள்விகள்

அக்டோபரில் ராஸை நீக்கி, பில் பார்கின்சனைக் கொண்டுவந்தார்கள். ஆட்டம் இன்னும் மோசமானது. கிளப்பை வாங்கிய விலையைக் கட்டுவதற்கே பாராசூட் தொகையில் ஒரு பகுதி பயன்பட்டிருக்கிறது என்பது வெளியில் தெரிந்து, அந்தப் பணம் கிளப்புக்குத் திரும்ப வருமா என்ற கேள்வி பெரிதானது. இங்கேதான் எங்கள் வரிசை இரண்டாவது முடிவை எடுத்தது. மேனேஜரைத் திட்டுவதை விட்டுவிட்டுக் கணக்கைப் படிக்க ஆரம்பித்தோம். இங்கிலாந்தில் கிளப்புகள் நிறுவனங்கள்தான். ஆண்டுக் கணக்கைப் பதிவு செய்தாக வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது, யாருக்கு எவ்வளவு கடன், பங்கு யார் கையில் என்பதெல்லாம் அதில் இருக்கும். படிக்கக் கஷ்டமாக இருந்தது உண்மை. கணக்கு தெரிந்த ஒரு நண்பர் முதல் தடவை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

டிசம்பர் இறுதியில் ரசிகர் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, உரிமையாளர் கிளப்பை விற்க வேண்டும் என்று அறிக்கை விட்டன. அவரும் விற்கத் தயார் என்றார். கூச்சல் போட்ட எந்தச் சனிக்கிழமையும் சாதிக்காததை ஒரு பக்க அறிக்கை சாதித்தது. கேள்வி ஒரே குரலில், எழுத்தில், குறிப்பாக வந்தால் பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

மார்ச்சில் பெருந்தொற்று வந்து லீக் நின்றது. ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற சராசரியில் பட்டியலை முடித்தார்கள். சண்டர்லேண்ட் எட்டாவது. கிளப்பின் முழு வரலாற்றிலும் அதைவிடத் தாழ்ந்த இடம் கிடையாது.

ஆளில்லா அரங்கு

2020–21 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாரும் வீட்டிலிருந்து பார்த்தோம். 2021 மார்ச் 14-ல் டிரான்மியரை 1-0 என்று வென்று இஎஃப்எல் டிராபியை எடுத்தது. 1973-க்குப் பிறகு வெம்ப்ளியில் முதல் வெற்றி, நாற்பத்தெட்டு வருடம் காத்திருந்தது, நாற்காலிகள் மட்டுமே பார்த்தன. மூத்தவர் அன்று போனில் சொன்னது: அங்கே தோற்ற ஒவ்வொரு தடவையும் நான் இருந்தேன், ஜெயித்தபோது விடவில்லை. அவர் குரலில் கசப்பு இல்லை, ஆனால் அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகும் பல தடவை சொன்னார்.

பிப்ரவரியில் கிரில் லூயி-டிரேஃபஸ் கிளப்பின் கட்டுப்பாட்டை எடுத்திருந்தார், வயது 23. அந்த சீசன் பிளே-ஆஃப் அரையிறுதியில் லிங்கனிடம் முடிந்தது.

போக்கு மாறியது எங்கே

பலரும் 2022 மே மாதத்தைச் சொல்வார்கள். நான் 2021 கோடையைச் சொல்வேன். அதுவரை எடுத்த வீரர்கள் பெரும்பாலும் இந்த டிவிஷனை அறிந்த, வயதான, உடனடியாகப் பயன்படக்கூடியவர்கள். அந்தக் கோடையிலிருந்து எடுத்தவர்களின் வயதைப் பாருங்கள். டாட்டன்ஹாமிலிருந்து டென்னிஸ் சர்க்கின், அடுத்த ஜனவரியில் லின்ஃபீல்டிலிருந்து டிராய் ஹ்யூம், ஜாக் கிளார்க், பிறகு ஆர்சனலிலிருந்து டான் பல்லார்ட். எல்லாரும் இருபதை ஒட்டியவர்கள். இவர்களோடு அகாடமியில் வளர்ந்த டான் நீலும் கோல்கீப்பர் ஆன்தனி பேட்டர்சனும் முதல் அணிக்கு வந்தார்கள். ஒரே வருடத்தில் ஏறியாக வேண்டும் என்பவர் இப்படி ஆள் எடுக்க மாட்டார். இவர்கள் தவறு செய்வார்கள், அந்தத் தவறை ஒன்றிரண்டு வருடம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டவர்தான் எடுப்பார்.

தவறும் நடந்தது. 2022 ஜனவரி 29-ல் போல்ட்டனில் 6-0. மறுநாள் லீ ஜான்சனை அனுப்பினார்கள். எங்கள் வரிசையின் மூன்றாவது முடிவு அந்த வாரம்தான் வந்தது, அதைச் சொன்னது பேத்தி. இருபது வயதுக்காரன் பந்தை இழந்தால் நம் பக்கத்திலிருந்து சத்தம் வரக் கூடாது. கோபம் இருந்தால் கிளப்புக்குக் கடிதம் எழுதலாம், மைதானத்தில் வேண்டாம். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 2018–19-ல் அந்த முணுமுணுப்பு என்ன செய்தது என்பதை அவள் எங்களைவிட நன்றாகக் கவனித்திருந்தாள்.

அதே பிப்ரவரியில் பங்குகள் பற்றிய உண்மையும் வெளிவந்தது. லூயி-டிரேஃபஸிடம் இருந்தது 41 சதவீதம்தான், பழைய உரிமையாளர்களும் இன்னும் பங்குதாரர்கள். ரசிகர்கள் விடாமல் கேட்டதால்தான் கிளப் அதை வெளியிட்டது. கோடைக்குள் அவர் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார்.

அலெக்ஸ் நீல் வந்த பிறகு, பிப்ரவரி இறுதியிலிருந்து சீசன் முடியும்வரை அணி தோற்கவே இல்லை. பிளே-ஆஃப் அரையிறுதியில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே மைதானத்தில் 93-வது நிமிடத்தில் பேட்ரிக் ராபர்ட்ஸ் கோல். மே 21-ல் வெம்ப்ளி இறுதியில் வைக்கம்பை 2-0 என்று வென்று சாம்பியன்ஷிப்புக்கு ஏறியது. எம்பிள்டன் ஒன்று, ராஸ் ஸ்டூவர்ட் ஒன்று. இந்தத் தடவை மூத்தவர் அங்கே இருந்தார்.

நடுவில் வந்த சறுக்கல்கள்

ஏறிய வேகத்தில் அலெக்ஸ் நீல் ஸ்டோக் அணிக்குப் போனார். டோனி மோபிரே வந்து முதல் வருடமே ஆறாவது இடம் பிடித்தார். பிளே-ஆஃபில் நடுப் பின்கள வீரர்களான சென்டர்-பேக்குகள் எல்லாம் காயத்தில் இருக்க, உயரமான வீரர்கள் கொண்ட லூட்டனிடம் இரண்டு ஆட்டம் சேர்த்து மொத்தம் 3-2 என்று தோற்றது. அந்த இரவில் ரசிகர்களின் மனநிலை 2019-ஐப் போல இல்லை. தோற்றவர்கள் இன்னும் வளரப்போகிறவர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

2023 டிசம்பரில் மோபிரேயை நீக்கியது ஏன் என்று இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர் சில வாரங்கள்தான் நின்றார். ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் பக்கத்து ஊர்ப் பரம எதிரியான நியூகாசிலிடம் சொந்த மைதானத்தில் 3-0. அந்த ஆட்டத்துக்காக அரங்கத்தின் ஒரு பாரை எதிரணி வாசகங்களால் அலங்கரித்ததற்குக் கிளப் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. சீசன் 16-வது இடத்தில் முடிந்தது. பழைய சண்டர்லேண்டாக இருந்திருந்தால் இந்த இடத்தில் இளம் வீரர்களை எல்லாம் விற்றுவிட்டு, முப்பது வயதுக்காரர்களை அள்ளியிருப்பார்கள். அதைச் செய்யவில்லை. ரெஜிஸ் லெ பிரிஸ் என்ற, இங்கே யாருக்கும் அதிகம் தெரியாத பிரெஞ்சுப் பயிற்சியாளரைக் கொண்டுவந்து அதே அணியை அவரிடம் கொடுத்தார்கள்.

2025: கிடைத்த முடிவு

நாலாவது இடம், ஆனால் கடைசி ஐந்து லீக் ஆட்டமும் தோல்வி. பிளே-ஆஃபுக்குள் அப்படி நுழைந்த அணியை யாரும் நம்பவில்லை. கவென்ட்ரிக்கு எதிரான இரண்டாம் அரையிறுதி கூடுதல் நேரத்துக்குப் போய், 122-வது நிமிடத்தில் பல்லார்ட் தலையால் முட்டிய பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. எங்கள் வரிசையில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று நினைவில்லை.

மே 24, வெம்ப்ளி, எதிரணி ஷெஃபீல்ட் யுனைடெட். லூக் ஓநீன் தொடக்க நிமிடங்களிலேயே தோள்பட்டைக் காயத்தோடு வெளியேறினார். 2018 கோடையில், அந்த இருக்கைகள் மாற்றிய அதே கோடையில், வைக்கம்பிலிருந்து வந்தவர். மூன்றாம் டிவிஷனின் நாலு வருடத்தையும் ஆடித் தீர்த்தவர். பேத்திக்கு மிகப் பிடித்த வீரர் அவர்தான். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. 25-வது நிமிடம் ஷெஃபீல்ட் கோல். அவர்களுடைய இரண்டாவது கோலை விஏஆர் (வீடியோ நடுவர் முறை) ரத்து செய்தது. 76-ல் மயேண்டா சமன் செய்தார். 95-வது நிமிடத்தில் அகாடமியில் வளர்ந்த டாமி வாட்சன் பெட்டிக்கு வெளியிலிருந்து தரையோடு அடித்த பந்து மூலையில் போய் நின்றது. 2-1. 2019-ல் எங்களிடமிருந்து பறித்த அதே நேரம், அதே மைதானம்.

தம்பி அன்று வெம்ப்ளியில்தான் இருந்தார், மகனோடு. அணி சாம்பியன்ஷிப்புக்கு வந்த வருடமே அவர் திரும்பிவிட்டார். பழைய இருக்கை வேறு ஒருவருக்குப் போயிருந்ததால் வேறு ஸ்டாண்ட். "எங்கேயும் போகாதுன்னு சொன்னீங்களே அண்ணா" என்று இன்றும் கேட்பார்.

ஆகஸ்டில் பிரீமியர் லீகின் முதல் ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை 3-0 என்று வென்றார்கள்.

மறுபடி இப்படி ஒரு காலம் வந்தால்

கிளப்பிடம் முதலில் கேட்க வேண்டியது, இறங்கினால் சம்பளம் எவ்வளவு குறையும் என்று எத்தனை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பதை. இதை இறங்குவதற்கு முன்பே, மேலே இருக்கும்போதே கேட்க வேண்டும். கடைசி நேரத்தில் தப்பித்த ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கேள்விக்குரிய மாதம்தான், கொண்டாட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

பங்கு யார் கையில் என்பதைக் கைமாறும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 2021-ல் கேட்டிருக்க வேண்டிய பதில் 2022-ல் வந்தது.

1987-ஐ வைத்து 2018-ஐ அளந்தது சரியல்ல. அன்று மேல் டிவிஷனுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருந்த பணத் தூரமும் இன்று இருக்கும் தூரமும் ஒன்றல்ல. மூத்தவரும் இதை ஒத்துக்கொள்கிறார், ஆனால் அந்த சீசனைப் பற்றிப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை, நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை.

மேனேஜர் விஷயத்தில் எனக்கும் பேத்திக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. எட்டு வருடத்தில் இத்தனை பேரை மாற்றியதே சரிவுக்குக் காரணம் என்பது அவள் வாதம். ஆள் எடுக்கும் முறை நிலையாக இருந்தால் மேனேஜர் மாறினாலும் அணி தாங்கும், 2022-லும் 2025-லும் அதைத்தான் பார்த்தோம் என்பது என்னுடையது. மோபிரே விஷயத்தில் மட்டும் அவள் பக்கம் சாய்கிறேன்.

இளம் வீரர்மேல் சத்தம் போடக் கூடாது என்ற வழக்கம் எங்கள் வரிசையில் தொடர்கிறது. பின் வரிசையில் ஒருவர் ஏன் என்று கேட்டார், பேத்தி எழுந்து நின்று பொறுமையாக விளக்கினாள். இப்போது அந்த வரிசையிலும் சத்தம் குறைந்திருக்கிறது. அப்புறம், புதுப்பிக்கும் நேரம் வந்தால் கிளப்பின் ஆண்டுக் கணக்கை நாலு பேரும் ஒருமுறை படித்துவிடுகிறோம், பிரீமியர் லீகில் இருந்தாலும்.